உருளைக்கிழங்கு கறியா, சோறா?



நெல்லைச் சீமையில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு இலை போட்டால் சொதி இல்லாமல் இராது. முற்றிய தேங்காயைத் துருவி அரைத்து மூன்று தரம் பால் பிழிவார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்ப்பார்கள். இஞ்சிச் சாறு விட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பட்டாணி, சின்ன உள்ளி எல்லாம் அதில் மிதக்கும். ஆனால் கரண்டியில் முதலில் ஏறுவது உருளைக்கிழங்குதான். தொட்டுக்கொள்ள ஓரத்தில் இஞ்சித் துவையல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் மறுபடியும் உருளைக்கிழங்கு, சிப்ஸாகவோ காரப் பொரியலாகவோ.

அந்தப் பந்தியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். பாயாச வாளி வரும்போது இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "எனக்கு சுகர் இருக்குல்லா, வேண்டாம்யா" என்பார். பரிமாறுகிற பையனும் மரியாதையாகத் தாண்டிப் போவான். வாளி நகர்ந்ததும் பெரியவர் நிமிர்ந்து, "தம்பி, சொதிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைய்யி, அந்த உருளைக்கிழங்கையும் கொண்டா" என்பார்.

இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

அவர் இலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்டு 1989இல் திருத்திய உணவு அட்டவணை இன்றும் பல உணவியல் வல்லுநர்களின் மேசையில் இருக்கிறது. அதன்படி 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். அந்த 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறாகும். பந்தியில் இரண்டு தரம் வாங்கினால் அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். 100 கிராம் உருளைக்கிழங்கில் 22.6 கிராம். சொதியிலும் பொரியலிலுமாகச் சேர்ந்து 150 கிராம் உள்ளே போனால் 34 கிராம். ஆக மொத்தம் 112 கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்றால் 22 கரண்டிக்குச் சமம். பாயாசத்தை ஒதுக்கி அவர் மிச்சம் பிடித்ததை உருளைக்கிழங்கு கொண்டுவந்து சேர்த்துவிட்டது. நாக்குக்கு இனிப்பு தெரியாததால் அவருக்கும் தெரியவில்லை.

தாமிரபரணிக் கரையில் உருளைக்கிழங்கு செய்கிற தொல்லைக்கு மூலகாரணம் இதுதான்: அது இலையில் கறியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சோற்றின் வேலையைச் செய்கிறது. ஜெர்மனியிலோ அயர்லாந்திலோ தட்டில் உருளைக்கிழங்கு இருந்தால் அதுவே அன்றைய சோறு. இங்கே சோற்றுக்கு மேல் கிழங்கு. மசால் தோசை என்றால் அரிசிக்குள் கிழங்கு. பூரியென்றால் கோதுமையோடு கிழங்கு. சமோசாவும் போண்டாவும் மாவுக்குள் மாவு. காய் சாப்பிட்டோம் என்ற நிம்மதி மனதுக்குக் கிடைக்கிறது. காய்க்குரிய நார் உடம்புக்குக் கிடைப்பதில்லை.

இந்தக் கிழங்கு நம் அடுப்படிக்கு வந்து அதிக காலமாகவில்லை. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோவை கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் காலத்தில் மலைச் சரிவுகளில் இது வேர்கொண்டது. இன்றும் தமிழ்நாட்டின் பெரிய உருளைக்கிழங்கு மண்டி மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறது. நயினார்குளம் சந்தைக்கு வரும் மூட்டைகளுக்குப் பின்னால் நீண்ட லாரிப் பயணம் உண்டு. பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றுவரை உருளைக்கிழங்கு ஆகாது. அன்றைக்கு வாழைக்காய், புடலங்காய், அவரைக்காய், பாகற்காய், சேனை, சேம்பு என்று பழைய காய்கள் மட்டும் வரும். உருளைக்கிழங்கு இல்லாமல் ஒரு முழுச் சமையல் எப்படியிருக்கும் என்று கேட்கிறவர்கள் அந்த இலையை நினைத்துப் பார்த்தால் போதும். யாரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை.

நோயின் அளவையும் சொல்லியாக வேண்டும். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனியாகப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியபோது, இதைப் பணக்காரர் வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மருத்துவர்களும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருவர். பந்தியில் ஒரு வரிசையில் எத்தனை இலை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அப்படியிருக்க, மாவுச்சத்துக் குறைந்த உருளைக்கிழங்கு என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதை வாங்கிச் சாப்பிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அப்படி ஒன்று இருப்பது உண்மைதான். நியூசிலாந்தில் லொட்டேட்டோ என்ற பெயரில் ஒரு ரகம் விற்கிறார்கள். அங்கே வழக்கமாக விற்கும் ரகங்களைவிட 40 சதவீதம் மாவுச்சத்துக் குறைவு என்று சொல்லி விற்கிறார்கள். மரபணு மாற்றம் ஏதும் இல்லை, இனக்கலப்பு செய்து தேர்ந்தெடுத்த ரகம். ஆஸ்திரேலியாவில் கரிஸ்மா என்று ஒன்று உண்டு, நெதர்லாந்தில் உருவானது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார்கள். பேசக்கூடாது. முதல் ரகத்தில் மாவே குறைவு, தண்ணீர் அதிகம். இரண்டாவதில் பேச்சு மாவின் அளவைப் பற்றியது இல்லை, அந்த மாவு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் வேகத்தைப் பற்றியது.

அந்த வேகத்துக்குத்தான் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். 1981இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் வகுத்தது. 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளந்து, அதே அளவு குளுகோஸோடு ஒப்பிடுவார்கள். குளுகோஸ் 100. 55 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மெதுவானது, 70 அல்லது அதற்கு மேலே போனால் வேகமானது. உருளைக்கிழங்கு பல ஆய்வுகளில் 70க்கு மேலேயே நின்றிருக்கிறது. மசித்தது, உடனடிப் பொடியில் கரைத்தது எல்லாம் இன்னும் மேலே. கரிஸ்மாவுக்கு 55 என்று ஆஸ்திரேலியாவில் முத்திரை கொடுத்தார்கள்.

இப்போது நம் ஊர்க் கணக்கு. 22.6 கிராமில் 40 சதவீதத்தைக் கழித்தால் 13.6 கிராம் நிற்கும். அதே அட்டவணையில் வாழைக்காய்க்கு எதிரே எழுதியிருப்பது 14 கிராம். விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருளைக்கிழங்கை எந்த இடத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார்களோ, அந்த இடத்தில் களக்காட்டு ஏத்தங்காய் ஏற்கனவே நிற்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உருளைக்கிழங்கே சோறாக இருக்கும் நாட்டில் அது பெரிய உதவி. வாழைத்தோப்புகளுக்கு நடுவே குடியிருக்கிறவர்கள் அதற்காகக் கப்பலை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இந்தியச் சந்தையில் இன்னொரு சரக்கு இருக்கிறது. அதைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. "சுகர் ஃப்ரீ உருளைக்கிழங்கு" என்று சொல்லி விற்பார்கள், விலையும் கூடுதல். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உருளைக்கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரி வரை வைத்தால் அதிலுள்ள மாவில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். கிழங்கு தித்திக்கும், வறுத்தால் கறுத்துப்போகும். சிப்ஸ் ஆலைகளுக்கு அது ஆகாது. அதனால் 10 முதல் 12 டிகிரியில் வைத்து, முளைவிடாமலிருக்க மருந்தடித்துப் பாதுகாப்பார்கள். அப்படி வைத்த கிழங்கில் தித்திப்பு ஏறாது. சர்க்கரை ஏறாத கிழங்கு என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதில் குறைந்தது கொஞ்சம் சர்க்கரைதான், மாவு அப்படியே இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் அந்த மாவு முழுக்கச் சர்க்கரைதான். நீரிழிவுக்காரர் ஒருவர் கூடுதல் காசு கொடுத்து இதை வாங்கி, பயமில்லை என்று கூடுதலாக ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் அது பெரிய அநியாயம். சிப்ஸுக்கென்று வளர்க்கும் ரகங்களில் நீர் குறைவு, உலர்பொருள் 20 சதவீதத்துக்கும் மேல். வீட்டுச் சமையலுக்கு வரும் சாதாரணக் கிழங்கைவிட அவற்றில் மாவு அதிகம்.

மாவு என்பதும் ஒரே மாதிரிச் சரக்கு இல்லை. அதில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. அமைலோஸ் என்பது பாளையங்கோட்டைச் சந்தையில் முழம் போட்டு விற்கும் பிச்சிச் சரம் மாதிரி, நீளமாக ஒரே இழை. அமைலோபெக்டின் கிளைக்குக் கிளை பிரியும் மருதாணிச் செடி மாதிரி. செரிமான நொதிகள் இறுகப் பின்னிய சரத்தைவிடக் கிளை விரித்த செடியை எளிதில் கடிக்கும்.  உருளைக்கிழங்கு மாவில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குக்கு மேல் கிளைபிரியும் வகைதான். வேகும்போது அந்த மாவுமணிகள் நீரைக் குடித்து உப்பி வெடிக்கும். மசிக்க மசிக்க நொதிகளுக்கு வழி திறந்துகொண்டே போகும். முழுதாக வெந்த கிழங்கும் மசியலும் ஒரே எடையிருந்தும் ஒன்றாகாததற்குக் காரணம் அது.

வெந்ததை ஆறவைத்தால் இழைகளில் ஒரு பகுதி மறுபடி நெருங்கிப் பின்னிக்கொள்ளும். நொதிக்கு வாய் கொடுக்காத அந்த மாவு பெருங்குடல்வரை போய் நார்ச்சத்தின் வேலையைப் பார்க்கும். பழைய சோற்றிலும் நடப்பது இதுதான். 2005இல் சுவீடனில் ஒரு சோதனை செய்தார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கைக் குளிரவைத்து, வினிகர் சேர்த்துக் கொடுத்தபோது, சுடச்சுடச் சாப்பிட்டதைவிடக் குறியீடு 43 சதவீதம் இறங்கியது. புளிப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. சோதனைக்கு வந்தவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆறவைத்தால் மாவு மறைந்துபோகும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வேகம் குறையும், அவ்வளவே. அளவைக் குறைக்கிற வேலை சாப்பிடுகிறவர் கையில்தான் இருக்கிறது.

சமையலால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஜமைக்காவிலிருந்து ஒரு சாட்சி. 2011இல் அங்கே பத்து வகைச் சீனிக்கிழங்கை எடுத்துச் சோதித்தார்கள். நீரில் அவித்தபோது குறியீடு 41 முதல் 50 வரை. அதே கிழங்கை அடுப்பில் சுட்டபோது 82 முதல் 94 வரை. நம் பக்கத்தில் சீனிக்கிழங்கு என்ற பெயரைக் கேட்டே சுகர்காரர்கள் ஒதுங்கிப்போவார்கள். அவித்த துண்டு ஒன்றிரண்டைச் சாயங்காலம் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் 100 கிராமில் 28 கிராம் மாவு என்பதை மறந்து, உருளைக்கிழங்குக்கு மாற்று என்று சொல்லிச் சோற்றோடு சேர்த்துத் தின்னக்கூடாது.

இனி, நெல்லையின் சிறுகிழங்கு.

மார்கழிக் கடைசியில் பாளையங்கோட்டைச் சந்தைக்கோ பாவூர்சத்திரம் சந்தைக்கோ போனால், மண் ஒட்டிய கோலிக்குண்டுகளைக் குவித்துவைத்த மாதிரி சாக்குச் சாக்காக இருக்கும். கடையம், ஆழ்வார்குறிச்சி, கீழப்பாவூர் வட்டாரங்களில் விளைந்தது. பொங்கலுக்குக் கிழங்கு வாங்கும் ஆச்சிமார் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, என்ன பொடிசாக் கிடக்கு, உரிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று பேரம் தொடங்கும். மலையாளத்தில் இதற்குக் கூர்க்க என்று பெயர். இங்கே விளைவதில் பெரும்பங்கு செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குப் போகிறது.

உருளைக்கிழங்கு கத்தரிக்காயின் குடும்பம். சிறுகிழங்கோ துளசிக்கும் புதினாவுக்கும் சொந்தக்காரன், முற்றத்துத் தொட்டியில் நிற்கும் கற்பூரவல்லிக்கு நெருங்கிய உறவு. வெந்தபிறகு எழும் அந்த மண்வாசனை கலந்த மணம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. விதைக்கிழங்கை நாற்றங்காலில் முளைக்கவைத்து, கொடியைக் கிள்ளி வயலில் நடுவார்கள். பகல் பொழுது சுருங்கும் மாதங்களில்தான் கிழங்கு திரளும். நாலைந்து மாதத்தில் வெட்டு. வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழு இதற்குப் பெரிய எதிரி. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ தாரா என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது.

இதைத் தோலுரிப்பது தனி வேலை. கத்தியால் சுரண்டினால் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும், இரண்டு நாள் சோப்புப் போட்டாலும் போகாது. தெரிந்தவர்கள் கிழங்கை நனைத்துச் சாக்குப் பையில் போட்டு, வாயைக் கட்டி, துவைகல்லில் நாலு அடி அடித்து உருட்டுவார்கள். சாக்கின் நாரே தோலை உரித்துவிடும். மிச்சம் மீதியைத்தான் கத்தி பார்க்கும். பிறகு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் வத்தலும் பூண்டும் ஒன்றிரண்டாய்த் தட்டிப்போட்டுப் பொரியல். இல்லையென்றால் புளிக்குழம்பு.

இதையும் மாவில்லாத கிழங்கு என்று சொல்லி விற்கக்கூடாது. சிறுகிழங்கிலும் மாவு உண்டு, உருளைக்கிழங்குக்கு நெருக்கமாகவே உண்டு. அப்படியானால் அதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும்? அது நடந்துகொள்ளும் விதம் வேறு என்பதால். மணம் அழுத்தமானது, ஒரு கைப்பிடிப் பொரியலில் நாக்கு நிறைந்துவிடும். உரிக்கிற பாடு பெரிது என்பதால் யாரும் இரண்டு கிலோ சமைப்பதில்லை. உதிர்ந்து மசிவதில்லை, கடித்துத்தான் தின்ன வேண்டும். வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் வரும். உருளைக்கிழங்கு மலிவாக, மெத்தென்று, எதிலும் கலந்து, தினம் தினம் இலைக்கு வந்துவிடுகிறது. தொல்லை அங்கிருந்துதான் வருகிறது. தை மாதம் சிறுகிழங்கு வாங்கினால் கடையத்து விவசாயிக்கும் இரண்டு காசு போகும், அந்த நாட்களில் உருளைக்கிழங்கும் வீட்டுக்கு வராது.

சேனையில் 18.4 கிராம், சேம்பில் 21 கிராம். மரச்சீனிக் கிழங்கில் 38 கிராம், அதைக் கறியாக வைத்துச் சோறு தின்பதை விட்டேவிட வேண்டும். பனங்கிழங்கு தேரிக்காட்டு உடன்குடிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக வருகிறது. மஞ்சள் போட்டு அவித்து, நாரை உரித்து உரித்து மெல்லுவதற்குள் தாடை ஓய்ந்துவிடும். அதைப் பலகாரக் கணக்கில் வைக்கலாம்.

உண்மையான மாற்று கிழங்குகளுக்கு வெளியே இருக்கிறது. அதே அட்டவணையை இன்னும் கீழே படித்தால் காலிஃபிளவர் 4 கிராம், முட்டைக்கோஸ் 4.6, நூல்கோல் 3.8, வெள்ளை முள்ளங்கி 3.4, புடலங்காய் 3.3, தடியங்காய் என்கிற வெண்பூசணி 1.9. தடியங்காயைச் சதுரமாக நறுக்கிச் சொதியில் போட்டால் தேங்காய்ப் பாலைக் குடித்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி வெந்து, உருளைக்கிழங்கு இருந்த இடத்தை நிறைத்துவிடும். நூல்கோலைக் கடித்தால் கிழங்கின் திடம் இருக்கும். பூரிக்கு மசால் வேண்டுமா, காலிஃபிளவரையும் பட்டாணியையும் பாதிக்குப் பாதி வேகவைத்து, ஒரே ஒரு உருளைக்கிழங்கைக் கட்டுக்காக மசித்துப் போடலாம். வறுவலின் மொறுமொறுப்பைத் தேடுகிறவர்களுக்குச் சீனியவரைக்காய் இருக்கிறது. வாழைப்பூவில் பருப்பு உசிலி செய்தால் பருப்பும் கூடவே வரும். வாழைத்தண்டைப் பற்றித் தாமிரபரணிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர எதுவுமில்லை.

வறுவல் பற்றி ஒரு வார்த்தை. 2025இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வாரம் மூன்று தரம் ஃபிரெஞ்சு ஃபிரைஸாகப் பொரித்த உருளைக்கிழங்கு தின்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். வேகவைத்தோ சுட்டோ மசித்தோ தின்றவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க ஏற்றம் காணவில்லை. அதில் நெல்லைக்காரர்கள் அடிக்கோடிட வேண்டிய வரி வேறொன்று: உருளைக்கிழங்குக்குப் பதில் முழுதானியத்துக்கு மாறினால் ஆபத்து குறைகிறது, வெள்ளைச் சோற்றுக்கு மாறினால் கூடுகிறது. டாக்டர் கிழங்கைத் தொடக்கூடாது என்றாரென்று கிழங்கைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கரண்டிச் சோற்றை வைத்துக்கொள்கிறவர் எங்கே போகிறார் என்று பாருங்கள்.

ஆகையால் சோற்றைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு நகராது. காரும் பிசானமும் விளையும் மண் இது. அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அங்கே பிறந்த அம்பை 16 இந்தப் பக்கத்து இட்லியிலும் சோற்றிலும் கலந்திருக்கிறது. அந்த நெல்லின் மேல் உள்ள பிரியம் நியாயமானது. 2025இல் வெளிவந்த இண்டியாப் உணவு ஆய்வு, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. வெள்ளரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைந்துவிடவில்லை, மொத்த மாவும் குறைய வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குப் பருப்பிலிருந்தும் பாலிலிருந்தும் புரதம் வந்தபோது பலன் தெரிந்தது. அதே குழு 2022இல் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து, புதிதாக நீரிழிவு வந்தவர்களுக்கு மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 சதவீதம் என்ற அளவுக்கு இறங்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று கணித்தது. மேலைநாட்டுக் கீட்டோ உணவு மாதிரிச் சோற்றையே துறக்கச் சொல்லவில்லை. பத்துப் பங்கில் ஒரு பங்கைத்தான் இடம் மாற்றச் சொல்கிறது. நம் வீட்டில் அது ஒரு கரண்டிச் சோறும் இரண்டு துண்டு உருளைக்கிழங்கும் போய், ஒரு கரண்டிப் பாசிப்பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ வருவது.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை விழுங்குகிறவர்களும் சோற்றையும் கிழங்கையும் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் சாப்பிடுகிறவர்கள் மாவை அறவே விட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இருக்கிறது. மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்த பிறகே உணவில் கைவைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பெண்ணிடமே இதைக் கேட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உருளைக்கிழங்கிலும் வாழைக்காயிலும் வாழைத்தண்டிலும் உள்ள பொட்டாசியமும் ஒரு கவலை. நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி நீரோடு போகும்.

மறுபடி அந்தப் பெரியவரின் இலைக்கு வரலாம். சொதி இருக்கட்டும். தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் எலுமிச்சையும் சேர்ந்த அந்தக் குழம்பு, மாவு ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிற குழம்புதான். அதில் உருளைக்கிழங்கு ஒரு துண்டு இருக்கட்டும், மீதி தடியங்காயும் முருங்கைக்காயும் பீன்ஸும் ஆகட்டும். சிப்ஸ் வைத்த இடத்தில் சீனியவரைப் பொரியல் வரட்டும். சோறு ஒரு தரம், 150 கிராம். இப்போது கணக்கு: சோற்றில் 39, உருளைக்கிழங்கில் 11, காய்களிலும் பருப்பிலுமாக இருபதைச் சுற்றி. காயையும் பருப்பையும் சேர்க்காமலே 112 இருந்த இடத்தில், அவற்றையும் சேர்த்து 70.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மாதிரிச் சொதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்தச் சொதி. இரண்டு நாளும் சாப்பிடுவதற்கு முன் ஒரு தரம், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம் விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்த்து, எண்களைக் காலண்டர் தாளில் எழுதிவைக்க வேண்டும். இரண்டாவது எண் 180க்குக் கீழே நிற்பதைத்தான் மருத்துவர்கள் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். அடுத்த மறுவீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். பையன் உருளைக்கிழங்குச் சட்டியோடு இலைக்கு முன் வந்து குனியும்போது, பாயாச வாளிக்கு நீட்டிய கையை இதற்கும் நீட்டலாம்.